கடைசியாக வரும் படகு

கயாக் சங்கத்துப் படகுகள் தீவு தீவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு தீவிலும் பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம்.

முதல் தீவுக்கு மஞ்சள் படகு மூச்சு வாங்கக் கடைசியாக வந்தது. அதுவரை மணலில் சாய்ந்திருந்த சிவப்புப் படகு, "வந்துட்டியா? கிளம்பலாம்" என்றது.

இரண்டாம் தீவிலும் அதேதான். மஞ்சளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு ஓய்வே கிடையாதா?"

"உனக்காகத்தானே இவ்வளவு நேரம் ஓய்வெடுத்தோம். இன்னும் எவ்வளவு எடுக்கிறது?"

பாதி வழியில் காற்று எதிரே திரும்பியது. மூன்றாம் தீவுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பாறை மறைவில் மஞ்சள் படகு நின்றுவிட்டது.

"மேகம் கறுக்குது. நீ வந்தாத்தான் நாங்க கிளம்ப முடியும்" என்று சிவப்பு கத்தியது.

"தெரியும்" என்றது மஞ்சள். "அதனாலதான் இன்னும் வரல."