விரல் தெரியணும்

"ஒல்லியா இருந்து எனக்கென்னம்மா ஆகப்போகுது? மடிச்சு சட்டைப் பையிலயா வைக்கப்போறேன்?"

விற்பனைப் பெண் சிரிப்பைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டாள். கடையிலேயே மெல்லிசான டேப்லட் அது. வருகிறவர்கள் கையில் வாங்கியதும் "அட!" என்பார்கள். இந்தப் பெரியவரோ விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.

"ஆறு மில்லிமீட்டர்கூட வராது. முப்பது வருஷம் லேத் பட்டறையில நின்னவன்மா நான், தொட்டாலே தெரியும். இது எனக்கு வேணாம்."

"ஒரு கையிலயே பிடிச்சுக்கிட்டுப் பாக்கலாம் சார். வலிக்கவே வலிக்காது."

"கையில பிடிக்கவே கூடாது. மேஜை மேல தானா நிக்கணும். எனக்குக் கை ரெண்டும் சும்மா இருக்கணும்."

'வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டே சினிமா பாக்கிற ஆளு போல' என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற மகன் தன் போனை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

எட்டு அங்குலத்தை எடுத்து வைத்தாள். உதட்டைப் பிதுக்கினார். பத்து அங்குலம். "பத்தாது." பின்னால் தாங்கியோடு பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டை நிறுத்தி, ஒன்றில் பாட்டைப் போட்டுவிட்டாள்.

"அதை அணைச்சிடும்மா."

"நாலு ஸ்பீக்கர் சார் இதுல!"

"நாப்பது இருந்தாலும் வேணாம்."

காது மந்தம் போல. குரலை உயர்த்தினாள். "டிஸ்ப்ளே பாருங்க சார்! கலரெல்லாம் எப்படி..."

"கத்தாதம்மா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அருவி, பூ, பறவை என்று ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். அவர் அசையவில்லை.

"இதெல்லாம் எதுக்கு? ரெண்டுலயும் கேமராவைப் போட்டுட்டு, நீ கொஞ்சம் தள்ளி நின்னு கையை ஆட்டு."

"சார்?"

"விரலை மடக்கி மடக்கி நீட்டும்மா. இன்னும் வேகமா."

தலையெழுத்தே என்று ஆட்டினாள். பக்கத்து கவுண்டரில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பாத்தியா, விலை குறைஞ்சதுல அஞ்சு விரலும் ஒண்ணா ஒட்டிக்குது. இதுல நகம்கூடத் தெரியுது. எனக்கு இப்படித்தான் விரல் தெரியணும். இதையே எடுத்துக்கறேன்."

விலைச்சீட்டைப் பார்த்ததும் மகனுக்கு வாய் திறந்தது.

"எனக்கு ஒரு சட்டை எடுக்கணும்னா நாலு கடை ஏறி இறங்க வைப்பீங்க. உங்க ஆசைன்னா மட்டும் தாராளம்!"

"எல்லாத்துலயும் சிக்கனம் பாக்க முடியுமாடா?"

மகன் குரலைத் தாழ்த்தினான். ஆனாலும் அவளுக்குக் கேட்டது.

"போன மாசம் நான் கட்டிக்கப்போற பொண்ணை முதல் தடவையா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அவ வந்து உட்கார்ந்ததும் எழுந்து உள்ளே போனவர்தான் நீங்க. அரை மணி நேரம் எட்டிக்கூடப் பாக்கல. அவ முகம் எப்படிச் சுண்டிப்போச்சு தெரியுமா?"

பெரியவர் டேப்லட்டின் தாங்கியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

விற்பனைப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. இப்படி ஒரு மாமனார் வாய்த்தால்?

"பில் போடட்டுமா?" வெடுக்கென்று கேட்டாள். 'சார்' தானாகவே காணாமல் போயிருந்தது.

"இரும்மா. ஒரு தடவை வீடியோ கால் போட்டுப் பாத்துடலாம்." மகன் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடு."

"எதுக்கு? மறுபடியும் அவமானப்படுத்தவா?"

"கூப்பிடுடா."

முனகிக்கொண்டே மகன் அதில் தன் கணக்கைத் திறந்து அவளை அழைத்தான். திரையில் ஓர் இளம்பெண் வந்தாள். எதிரே யார் என்று தெரிந்ததும் பதறி எழுந்து நின்றாள்.

சத்தமே வரவில்லை. ஒலியைக் கூட்ட விற்பனைப் பெண் கையை நீட்டினாள். மகன் தடுத்தான்.

"வேணாங்க. அவளுக்குக் காது கேட்காது. கையாலதான் பேசுவா."

விற்பனைப் பெண்ணின் கை அப்படியே நின்றது.

பெரியவர் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கினார். இரும்பு பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி, மடங்கின, நீண்டன.

திரையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சுண்டுவிரலைக் காட்டி, 'இப்படி மடக்கணும்' என்று மெதுவாகச் செய்து காட்டினாள். அவர் அதைப் பார்த்து அப்படியே மடக்கினார். அவள் கைதட்டினாள்.

மகன் அப்பா பக்கம் திரும்பினான். "நல்லா இருக்கியாம்மான்னு கேக்கறீங்க... அப்பா, இதை எப்போ கத்துக்கிட்டீங்க?"

"அந்தப் பொண்ணு வந்த அன்னைக்கிலேர்ந்துதான். தினமும் உங்கம்மா போன்ல பாத்துப் பாத்து. அந்தக் குட்டித் திரையில எந்த விரல் மடங்குது, எது நீளுதுன்னு ஒரு எழவும் தெரியலை."

"அப்போ அன்னைக்கு ஏம்பா எழுந்து போனீங்க?"

பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"'வாம்மா'ன்னு கையால எப்படிச் சொல்றதுன்னு உள்ளே போய்ப் பாத்துக் கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள, நீங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களேடா!"