அரை ரேகை

"உவர்தான் ஊத்தினவர். வேறை ஆர்?"

ஞானாம்பிகை வேலிக்கு அப்பால் நின்ற இராசநாயகத்தை நேராகவே கைகாட்டினாள்.

விடியத் தண்ணீர் அள்ளப் போனவள், கிணறு முழுக்க வாகன எஞ்சினின் கழிவு ஒயில் கறுப்பாக மிதப்பதைக் கண்டு அப்படியே குந்திவிட்டாள். புருசன் இல்லாத வீடு. அவளும் மகள் ஆரணியும் குடிப்பதும் அந்தக் கிணற்றில்தான், வெங்காயத்துக்கு இறைப்பதும் அதில்தான். அது பாழானால் காணியை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தக் காணியைத் தா என்று ஓயாமல் நச்சரிப்பவர் பக்கத்துக் காணிக்கார இராசநாயகம்.

பொலிசின் கைரேகைப் பிரிவிலிருந்து வந்த சயந்தன், கிணற்றடியில் கிடந்த ஒயில் போத்தலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் கனநேரம் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி நிமிர்ந்தான்.

"அக்கா, கிடைச்சது அரைவாசி ரேகை. இன்னார் எண்டு சொல்லேலாது. ஆனால் ஒரு சின்னச் சதுரத்துக்குள்ளை கோடுகளை எண்ணிப் பாத்தன். மெல்லிசு, நெருக்கம். ஆம்பிளையளுக்கு இவ்வளவு நெருக்கமா வாறது குறைவு. அனேகமா இது பொம்பிளைக் கை."

இராசநாயகம் வேலியைப் பிடித்துக்கொண்டு எக்கினார்.

"கேட்டியளே! என்ரை பேரைக் கெடுக்க உவளே ஊத்திப்போட்டு உவளே கத்துறாள். தம்பி, முதல்லை உவளின்ரை விரலைப் பாருங்கோ!"

ஒழுங்கையில் கூடியிருந்த சனத்தின் பார்வை திரும்பியது.

"தன்ரை கிணத்துக்குத் தானே ஊத்துவாளோ?"

"காணிப் பிரச்சினை எண்டு வந்தால் என்னதான் செய்யமாட்டினம்?"

ஞானாம்பிகை சயந்தனிடம் கையை நீட்டினாள்.

"அவளை விடுங்கோ, தம்பி."

இராசநாயகத்தின் மனைவி செல்வநாயகி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். வலக்கையை விரித்துக் காட்டினாள். நக இடுக்கில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"நான்தான் ஊத்தினனான்."

"உனக்கென்ன விசரே? போடி உள்ளுக்கு!" இராசநாயகத்தின் குரல் கீச்சிட்டது.

ஞானாம்பிகை அந்தக் கையையே பார்த்தாள். ஆரணிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வேலி தாண்டி வருகிற கை அது.

"செல்வமக்கா, நீங்களோ? உந்தத் தண்ணியைத்தானே என்ரை பிள்ளை விடிய எழும்பி முதல் குடிக்கிறவள்!"

"ஓம். அது தெரிஞ்சுதான் ஊத்தினனான்."

செல்வநாயகி புருசனின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒயில் மிதந்தால் ஒருத்தரும் அள்ளிக் குடிக்கமாட்டினம், பிள்ளை. அதுக்கு முதல் இவர் ஊத்தின பூச்சிமருந்து, தண்ணியிலை தெரியேல்லை."