நிறுத்தின இடத்தில் நிற்கும்

“சரியா ஒரு மணிக்கு வந்து கழற்றிட்டுப் போயிடுவேன். அப்புறம் மெஷின் அந்தரத்துல தொங்குதுன்னு என்கிட்ட அழக் கூடாது!”

சங்கிலி இழுத்துப் பளு தூக்கும் செயின் பிளாக்கை மாட்டிக் கொடுத்துவிட்டு, கராஜ் மெக்கானிக் கிளம்பினார். அப்போது மணி பதினொன்றரை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் ஒரே பரபரப்பு. அறுநூறு கிலோ லேத் மெஷின் வாசலோரம் கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி, கூரையடியில் ஓடும் இரும்பு கர்டரோடு தள்ளிக்கொண்டுபோய், உள்ளே சிமென்ட் மேடையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு போல்ட்டிலும் சரியாக இறக்க வேண்டும். இன்று விட்டால், செயின் பிளாக் மறுபடி கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த பட்டறை. வீட்டுக்காரருக்கு முகம் பூராவும் சிரிப்பு.

“சங்கிலியை நான் இழுக்கிறேனே, அண்ணே” என்றார் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்.

“நீங்க மெஷின் ஆடாம கயித்தைப் பிடிங்க. சங்கிலி என் கைதான்!”

“ஏங்க, கொஞ்சம் மெதுவா...” என்றாள் மனைவி.

“ஏன், நான் என்ன நோயாளியா?”

முன்னைவிட வேகமாக இழுத்தார். கடகடவென்று சங்கிலி ஓடியது. ஒரு முழம் இழுத்தால் மெஷின் அரை விரல்கடை ஏறியது.

சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மாமியார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விசில் போனாலும் குரல் போகவில்லை.

“மாப்பிள்ளை, கையை விட்டா தொப்புன்னு விழுந்துடுமா?”

“விழாது அத்தை. உள்ளேயே பிரேக் இருக்கு. நிறுத்தின இடத்துல அப்படியே நிக்கும்.”

“ஓஹோ!” என்ற மாமியார், தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துக் கையில் உருட்டினார்.

அங்கே ஆரம்பித்தது தொல்லை.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! தொண்டை வறண்டு போச்சு. ஏம்மா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. மாப்பிள்ளை, நீங்களும் ஸ்டூல்ல உட்கார்ந்து ஒரு வாய் குடிங்க. நான் மட்டும் குடிச்சா எனக்கு இறங்காது.”

குடித்தார்கள். இழுத்தார். மெஷின் ஒரு சாண் ஏறியது.

“நிறுத்துங்க! என் கண்ணாடியைக் காணோம். யாரும் நடக்காதீங்க, மிதிச்சிடுவீங்க! மாப்பிள்ளை, நீங்க ஸ்டூல்ல உட்காருங்க, எழுந்திரிக்கவே கூடாது!”

ஐந்து நிமிடம் தேடினார்கள். கண்ணாடி மாமியாரின் தலைமேல் இருந்தது.

“அம்மா! இது என்ன உன் பஸ்ஸா, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தறதுக்கு?” மனைவி தன் அம்மாவிடம் பல்லைக் கடித்தாள்.

அடுத்து வெளியூரிலிருந்து மாமியாரின் மகன் போனில் வந்தான். மாப்பிள்ளையிடம் பேசியே ஆக வேண்டுமாம். பேசினால், “சௌக்கியமா மாமா?” என்பதற்குமேல் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அடுத்து ஒரு பல்லி. அடுத்து, காற்று வரவில்லை. அடுத்து, வெளிச்சம் போதவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தபடி வீட்டுக்காரர் மனைவியிடம் கிசுகிசுத்தார். “உங்கம்மாவை யாரு உள்ளே விட்டது? மணி பன்னிரண்டே முக்கால்!”

ஒரு வழியாக மெஷின் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. எலக்ட்ரீஷியன் தள்ளினார். கர்டரில் சக்கரம் உருண்டு, மெஷின் மேடைக்கு நேர்மேலே வந்து நின்றது. இனி இறக்க வேண்டியதுதான்.

வாசலில் ஹாரன் சத்தம். மெக்கானிக் வந்துவிட்டார்!

“இறக்குங்கண்ணே! இன்னும் நாலு விரல்!”

“நிறுத்துங்க!” மாமியார் எழுந்தே விட்டார். கையில் செல்போன். “தொங்கும்போது ஒரு போட்டோ வேணாமா? இப்படி வேர்த்து வழிஞ்சுக்கிட்டா நிப்பீங்க? உட்கார்ந்து முகத்தைத் துடைங்க. ஆங், சிரிங்க... ஐயோ, போன் லாக் ஆயிடுச்சே!”

வீட்டுக்காரரின் சிரிப்பைப் பார்த்தால் போனே உடைந்திருக்கும்.

மறுபடி சங்கிலி கடகடத்தது. மூன்று விரல். இரண்டு விரல்.

“இடது பக்கம் கொஞ்சம்! ஆங், ஓட்டை தெரியுது... விடுங்க, விடுங்க!”

ணங்!

நாலு போல்ட்டும் நாலு ஓட்டையில். எலக்ட்ரீஷியன் துள்ளிக் குதித்தார். உள்ளே வந்த மெக்கானிக்கே கை தட்டினார். வீட்டுக்காரர் மெஷினைக் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிக் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கோடு வாசலுக்குப் போனார்.

மகள் அம்மாமேல் பாய்ந்தாள்.

“ஏழு தடவை! ஏழு தடவை நிறுத்தியிருக்கே! அந்த மனுஷன் மூணு மாசமா ஏங்கிக் கிடந்த வேலைம்மா. ஒரு மணி நேரம் உன்னால சும்மா உட்கார முடியாதா?”

மாமியார் நாற்காலியை நகர்த்தினார். பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடுகள். பத்துப் பத்தாக, ஏழு வரிசை.

“என்ன இது?”

“மாப்பிள்ளை சங்கிலி இழுத்த கணக்கு. பத்து இழுப்புக்கு ஒரு ஸ்டாப்.”

மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். இதய ஆபரேஷன் முடிந்து மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. ‘மூன்று மாதத்துக்குப் பிறகு வேலை செய்யலாம். ஒரே மூச்சாகச் செய்யக் கூடாது. அடிக்கடி உட்கார்ந்து ஓய்வு எடுக்கவும்.’

மகள் சீட்டை இரண்டு தடவை படித்தாள். “இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே அம்மா?”

“நீ சொன்னியே, மெதுவான்னு. என்ன ஆச்சு? இன்னும் வேகமா இழுத்தாரு. உடம்பைச் சொன்னா அவருக்கு ரோஷம் வரும். மாமியார் தொல்லைன்னா உட்கார்ந்து திட்டுவாரு” என்றார் மாமியார், சுவரில் இருந்த கோடுகளை முந்தானையால் அழித்துக்கொண்டே. “எனக்கு அவரு உட்கார்ந்தா போதும்.”