விலா எலும்பு வம்பு

"உங்களுக்கு முதுகெலும்பு இல்லைன்னு ஊருக்கே தெரியும் மாமா. இப்ப விலா எலும்பும் ஒண்ணு போச்சு. இனிமே உங்களை மடிச்சுப் பையிலயே போட்டுக்கலாம்."

வார்டுக்குள் நுழைந்த நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படுக்கையில் இருந்தவர் பஸ் டிரைவர். அவர் விலா எலும்பில் பிளாஸ்மா செல் கட்டி. அபூர்வமாக வரும் ஒருவகைப் புற்று. நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. முந்தாநாள்தான் கட்டியோடு சேர்த்து அந்த எலும்புத் துண்டையே வெட்டியெடுத்து, அந்த இடத்தில் செயற்கை வலை வைத்துத் தைத்திருந்தார்கள்.

ஆபரேஷன் கச்சிதம். பாக்கி ஒன்றுதான். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நன்றாக இரும வேண்டும். இல்லையென்றால் நெஞ்சில் சளி தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மனுஷரோ வலிக்குப் பயந்து மூச்சையே கிள்ளிக் கிள்ளித்தான் விட்டார்.

"ஒரே ஒரு தடவை இருமுங்க சார்" என்று காலையிலிருந்து நர்ஸ் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குவதாகப் பாவனை செய்தார்.

இந்த லட்சணத்தில், அவர் மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்து வம்பு வளர்க்கிறான்.

"க்ஹும்..." மாமா மாதிரியே கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, ஈனஸ்வரத்தில் முனகிக் காட்டினான். "இது இருமலா? பூனைக்குட்டி தும்முது. இந்தத் தொண்டையை வெச்சுக்கிட்டா லாரிக்காரனையெல்லாம் திட்டினீங்க?"

உடனே அக்கா குரலுக்கு மாறினான். "'ஏங்க, என் ராசால்ல, ஒரு இருமல் இருமுவீங்களாம்...'"

"டேய்" என்றார் டிரைவர்.

"கேக்கலை. ஹாரனை நல்லா அழுத்துங்க."

"வெளியே போடா தடிமாடு."

வார்டே திரும்பிப் பார்த்தது. கத்திய வேகத்தில் இருமல் பொத்துக்கொண்டு வந்தது. தலையணையை இறுக்கிக்கொண்டு இருமினார், மறுபடி இருமினார். சளி வெளியே வந்து விழுந்தது.

அவன் எழுந்து வெளியே போனான். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நர்ஸும் பின்னாலேயே போனாள்.

மாடிப்படியில், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"இருமிட்டார்ல சிஸ்டர்? நல்ல விதமாச் சொன்னா அசைய மாட்டார். கோபம் வந்தாத்தான் வேலை நடக்கும். தையலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?"

"ஆகாது" என்றாள். திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

திரும்பி வந்து, தலையணையைச் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னாள். "உங்க மச்சான் நல்லவர் சார். அவர் மேல கோபப்படாதீங்க."

"எனக்கென்ன கோபம்?" விலாவைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சிரித்தார். "கட்டின்னு சொன்ன நாள்லேருந்து அவன் கண்ணு வீங்கியே கிடக்கு சிஸ்டர். நான் பழையபடி நாலு திட்டு திட்டினாத்தான், மாமா பிழைச்சுட்டார்னு நம்பித் தூங்குவான்."