பூட்டைப் பற்றி ஒரு புகார்

“இந்தப் புகாரைப் போட்டது யாருன்னு பத்து நிமிஷத்துல எனக்குத் தெரியோணும்” என்றார் முதலாளி சென்னிமலை.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்குப் புகார்ச் செயலி செய்து கொடுத்தவள் ஜுவைரியாதான். ‘உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது’ என்று முகப்பில் எழுதியவளும் அவள்தான்.

முந்தின நாள் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘ஷிப்ட் நேரத்தில் பின்வாசலை வெளியிலிருந்து பூட்டிவிடுகிறார்கள். தீப்பிடித்தால் முந்நூறு பேர் எந்த வழியாக ஓடுவது?’

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் அது நேராகப் போய்விட்டது.

“பேர் பதிவாகாதுங்க சார்.”

“லாக்னு ஒண்ணு இருக்குமாமே? அதுல போன் நம்பர் இருக்கும்னு எங்க மச்சான் சொன்னாரு. எடு.”

“சீக்கிரம் எடும்மா” என்றார் பக்கத்தில் இருந்த எச்.ஆர். மேனேஜர் விஜயராணி. “சோறு போடற எடத்துக்கே துரோகம் பண்றவங்கள ஒரு நாளும் வெச்சிருக்கக் கூடாதுங்க சார்.”

இந்த அம்மாவுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா? ஜுவைரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யார், எப்போது எழுதினார்கள் என்று செயலி தானாகக் குறித்து வைக்கும் லாகில் நம்பர் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் திரைக்கு வந்துவிடும். நாளைக்கு தைத்ததைச் சரிபார்க்கும் யாரோ ஒரு செக்கிங் அக்கா டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நிற்பாள். பார்த்துவிட்டுப் பொய் சொல்ல ஜுவைரியாவுக்கு வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் பார்க்கவே இல்லை. செயலியின் புது பில்ட், அதாவது புதுப் பதிப்பு ஒன்றை ஏற்ற ஆரம்பித்தாள்.

செயலி கிளவுடில் ஒரு கன்டெய்னருக்குள் ஓடுகிறது. தூத்துக்குடிக்கு லாரியில் போகிற பெட்டி இல்லை, செயலிக்கென்று ஒதுக்கிய தனி அறை மாதிரி. புதுசு ஏறினால் பழசு அழியும், உள்ளே கிடக்கும் லாகும் கூடவே போகும். லாகை வெளியே சேமிக்கும் வேலையை இரண்டு மாதமாகத் தள்ளிப் போட்டிருந்தாள். அந்தச் சோம்பேறித்தனம் இன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

திரையில் வரிகள் ஓடின. நாற்பது சதவீதம். அறுபது.

“இன்னுமா?” விஜயராணி எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். மூச்சு கழுத்தில் பட்டது. ஏசியிலும் ஜுவைரியாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

தொண்ணூறு. முடிந்தது.

“சார்... பழைய லாக் எல்லாம் அழிஞ்சு போச்சுங்க. தெரியாமப் பண்ணிட்டேனுங்க.”

சென்னிமலை மேசையை ஓங்கிக் குத்தினார். “நீயெல்லாம் என்னத்தப் படிச்சே?”

விஜயராணி அவரைவிட அதிகமாகக் கத்தினார். “அறிவிருக்கா உனக்கு? இவகிட்டப் போய் வேலையக் குடுத்தோம் பாருங்க! நீங்க டென்ஷனாகாதீங்க சார், வெளிய கூட்டிட்டுப் போய் நான் பேசிக்கறேன்.”

இதோடு நம் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஜுவைரியா விஜயராணியின் பின்னால் படி இறங்கினாள்.

கீழே யாரும் இல்லை. விஜயராணி சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் கண்ணு” என்றார். “என்னோட நம்பர் திரையில எப்ப வந்து நிக்குமோன்னு.”