வாலாட்டும் பொடிசுகள்
சலவை ஆலையில் மூன்றாம் மெஷின் ஈரத்துணியோடு மக்கர் பண்ணி நிற்கிறது. ஜன்னல் வெயிலில் ஆவி புகைகிறது. அதை ஓட்டும் அவள் பழுது நோட்டை மடியில் வைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறாள். மெக்கானிக்குக்கு அவள் பேசும் மொழி தெரியாது. எழுத்தைப் படித்து அவன் புரிந்துகொண்டால்தான் அவளுக்கு இன்சார்ஜ் வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். 'ப்ரோக்' எழுதி, கையைக் கீழே இறக்கிப் பார்த்து 'டவுன்' சேர்க்கிறாள். 'ஸ்விட்ச்டு' எழுதியதும் கட்டைவிரல் காற்றில் பொத்தானை அழுத்துகிறது, 'ஆஃப்' வந்துவிடுகிறது. பின்குழாயிலிருந்து தண்ணீர் வழிந்ததைச் சொல்ல 'கம்' அல்ல, நடந்து முடிந்தது, அதனால் 'கேம்'. விரல்கள் வெளிப்பக்கம் விரிகின்றன, 'அவுட்'. "என்னக்கா, பேய் ஓட்டுறியா?" என்கிறாள் துணி மடிப்பவள். "சும்மா இருடி. பெரிய வார்த்தையெல்லாம் சொன்ன பேச்சு கேக்குது. பின்னாடி 'டவுன்', 'ஆஃப்'னு வாலாட்டிக்கிட்டு வர்ற இந்தப் பொடிசுங்கதான் உயிரை வாங்குது." மெக்கானிக் வருகிறான். நோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதடு அசையப் படிக்கிறான். காய்ந்துபோன கையை அவள் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொள்கிறாள். அவன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நேராக மெஷினுக்குப் பின்னால் போய், அந்தக் குழாயின் அடியில் மண்டியிடுகிறான்.