கெட்டிக் கம்பி

ருபாப் என்கிற தந்தி வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த பழைய மெட்டுக்கம்பிகளை அப்பா நேற்றே பிடுங்கிவிட்டார். இப்போது வெறும் கீறல்கள்தான் இருந்தன.

புதுக்கம்பி இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சனோபர் தேநீரோடு பட்டறைக்குள் வந்தாள். மதியம் அவளை ஏற்றிப்போகத் தாஷ்கண்ட் வண்டி வந்துவிடும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஸ்டீல் கம்பி போடுங்கப்பா."

உஸ்பெக் ஊரான கோகந்தில் அப்பா துர்சுன்பாயின் பட்டறையைத் தெரிந்த யாரும், ஒரு மகள் அவரிடம் இதைக் கேட்க மாட்டாள் என்பார்கள்.

வாத்தியத்தைக் கொண்டுவருகிறவர்களின் கையைத்தான் அவர் முதலில் பார்ப்பார். மெல்ல வருடி வாசிக்கிற கைக்கு ஜெர்மன் சில்வர். தொனி கொஞ்சம் குழைவாக வரும், ஆனால் கம்பி சீக்கிரம் தேயும். கல்யாண வீடுகளில் போட்டு அடிக்கிறவர்களுக்கு ஸ்டீல். "உன் பேரன் வாசிச்சாலும் தேயாது, போ" என்று அனுப்பிவிடுவார்.

சனோபரின் கை சம்மட்டிக் கை. அவர் சொல்லும் நியாயப்படி ஸ்டீல்தான் போட வேண்டும்.

ஆனால் மகளுக்கு மட்டும் எப்போதும் ஜெர்மன் சில்வர். அதிலும் இருப்பதிலேயே மிருதுவானதாகத் தேடி எடுத்துப் போடுவார். இரண்டு வருஷத்தில் அவள் விரல் பதிகிற இடமெல்லாம் குழி விழுந்து, ருபாப் சிணுங்க ஆரம்பித்துவிடும். உடனே ரஷ்யாவில் அவள் வாழ்க்கைப்பட்ட கசானிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து நிற்பாள். கசானில் கம்பி மாற்ற ஆள் இல்லையா என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"பொண்ணக் கம்பி போட்டு இழுக்கிற மனுஷன் ஊர்லயே இவர் ஒருத்தர்தான்" என்று அம்மா கேலி செய்வாள்.

இப்போது சனோபரின் கணவனுக்கு அமெரிக்காவின் கிரீன் கார்டு குலுக்கலில் விழுந்திருந்தது. போய்விட்டால் திரும்பிவர எத்தனை வருஷம் ஆகுமோ, அவளுக்கே தெரியாது. அதை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை. எப்போதும்போல வந்துவிடுவேன் என்று வாய் கூசாமல் சொல்லிவைத்திருந்தாள். ஸ்டீல் கேட்டால் அந்தப் பொய் அப்போதே உடைந்துவிடும்.

"அப்பா, இந்தக் கம்பி விஷயமா ஒண்ணு..."

"தேத்தண்ணிய அப்படி வை. வெளிச்சத்த மறைக்காத."

இழுப்பறையிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்து, குறடு வைத்து அழுத்தினார். கம்பி வெட்டுப்படவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். துண்டு டணாரென்று தெறித்துப்போய்ச் சுவரோரத் தகரத்தில் விழுந்தது.

ஜெர்மன் சில்வர் அவரைக்காய் நறுக்குவதுபோல வெட்டுப்படும். இப்படித் தெறிக்காது.

சனோபர் துண்டை எடுத்துப் பார்த்தாள். ஸ்டீல்.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இனி எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகுதான் சுருக்கென்றது. இழுத்துக்கொண்டிருந்தவர் இவ்வளவு லேசாக விட்டுவிட்டாரே?

"என்னப்பா, மக இனி வர வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"அமெரிக்காக்காரன் கையில இதக் கொடுத்தா கிடார் கம்பிய அடிச்சு விட்டுருவான், கண்ணு. அதுக்கு இது தேவல. வேற ஒருத்தன் கையும் படாம உன் காலத்துக்கும் ஓடும்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

ஸ்டீல் கம்பி அரத்தைத் தின்றுவிடும் என்று ஒவ்வொரு தடவையும் வைவார். இன்று வையவில்லை. ஒவ்வொரு முனையாகத் தேய்த்து, விரலால் தடவி, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தேய்த்தார். பட்டறை வாசலில் வந்து நின்ற ஆட்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

மதியம் தெருவில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அம்மா வட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

பயணம் புறப்படுகிறவர் அதில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்ச ரொட்டியை வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்பார்கள். போனவர் பத்திரமாகத் திரும்பிவந்து அதைத் தின்ன வேண்டும். வீட்டிலேயே இருக்கிறவர்கள் அதில் வாய் வைக்கமாட்டார்கள்.

சனோபர் ஒரு வாய் கடித்தாள். ரொட்டியை வாங்க அம்மா கை நீட்டினாள்.

அதற்குள் அப்பா அதைப் பிடித்து, மறுபக்கத்தில் ஒரு வாய் கடித்தார்.

"ஐயோ, ஊருக்குப் போறவங்கதாம்ப்பா கடிக்கணும்! நீங்க எங்க போறீங்க?" என்று சனோபர் சிரித்தாள்.

அப்பா மென்றுகொண்டே, ருபாப் பெட்டியைப் பார்த்து வைக்கும்படி வண்டிக்காரனிடம் கையைக் காட்டினார்.

சனோபர் அம்மாவைப் பார்த்தாள். அப்பா தும்மினால்கூட ஏதாவது சொல்கிற அம்மா இப்போது முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, இரண்டு பேர் கடித்த அந்த ரொட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.